அக்காவும் டீப் சைக்கிள் பேட்டரியும்

1

போன வாரம் என் அக்கா ஜெய்த்தூன் சாகக் கிடந்தாள். கடலூரிலிருந்து என்னைப் பார்க்க ஆஸ்திரேலியா வந்தவள், பேர்கூட வாயில் நுழையாத ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில், கையில் குழாயோடு, நாக்கு வறண்டு படுத்திருந்தாள். என் கணவர் ஹமீது மலிவாக வாங்கிப்போட்ட பேட்டரிதான் காரணம் என்று நம்பி அவரைத் திட்டித் தீர்த்தேன். காரணம் அது இல்லை என்று தெரிந்த நிமிடத்திலிருந்து எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

அங்கே உங்களுக்கு மார்கழிப் பனி. இங்கே அடிலெய்டில் ஜனவரி என்றால் நடு வெயில், பிள்ளைகளுக்குப் பெரிய விடுமுறை. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2

முதலில் பேட்டரி. ஹோட்டலில் தங்கக் கட்டுப்படியாகாத குடும்பங்கள் இங்கே கேம்பர் ட்ரெய்லர் வாங்கும். காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற பெட்டி வண்டி அது. விரித்தால் மேலே கூடாரமும் படுக்கையும், பக்கவாட்டில் இழுத்தால் அடுப்பு, முன்னால் இரும்புப் பெட்டிக்குள் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். ஒரு வயதான தம்பதி விற்றதை ஹமீது வாங்கி வந்தார். வண்டி நன்றாக இருந்தது, உள்ளே இருந்த பேட்டரி மட்டும் செத்துப்போயிருந்தது.

கார் பேட்டரி வேறு, இது வேறு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கார் பேட்டரி வண்டியைக் கிளப்ப ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு ஓய்ந்துவிடும். டீப் சைக்கிள் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் கொடுத்து, வற்றி, திரும்ப நிரம்பும். நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இது சித்தப்பா மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் மூன்று வகை காட்டினார். தண்ணீர் ஊற்றுகிற பழைய வகை, மூடி சீல் வைத்த ஏஜிஎம், அப்புறம் லித்தியம். முதல் இரண்டிலும் நூறு என்று எழுதியிருந்தால் ஐம்பதுதான் எடுக்கலாம், அதற்கு மேல் இழுத்தால் பேட்டரியின் ஆயுள் குறையும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு படி என்று எழுதி அரைப்படி அரிசி விற்கிற கடையை நம் ஊரில் விட்டுவைப்பார்களா? லித்தியத்தில் அந்தத் தொல்லை இல்லை. எடையும் குறைவு, கிட்டத்தட்ட முழுக்க எடுக்கலாம், பல வருடம் வரும். ஆனால் விலையைக் கேட்டதும் ஹமீது அதை மரியாதையாகத் திரும்ப வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பஷீர் மச்சானுக்கு வீடியோவில் போன் போட்டோம். அக்காவின் கணவர். கடலூரில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். பக்கத்தில் அக்கா உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அப்போதே அவளுக்கு இங்கே வர விசா வந்திருந்தது.

“தண்ணி ஊத்துற ட்யூபுலரே வாங்கிடுங்க தம்பி. கல்லு மாதிரி கெடக்கும்,” என்றார் மச்சான்.

“இது ஒரு எடத்துல கெடக்காதுண்ணே. வண்டியில போவணும், ரோடு குலுக்குற குலுக்குல ஆசிட் சிந்திடும். அதுவுமில்லாம பாதிக்கு மேல இழுக்கக் கூடாதாம்.”

“பாதியா? நம்ம ஜனங்க இன்வெர்ட்டர் கூவுற வரைக்கும் ஓட்டிட்டு, அப்புறம் கடைக்கு வந்து என்னைப் பாத்து கூவுவாங்க. பாதியோட நிறுத்துன ஒரு ஆளக்கூட நான் பாத்ததில்ல.”

கடைசியில் ஏஜிஎம் என்று முடிவாயிற்று. நான் லித்தியம் என்றேன், யாரும் காதில் வாங்கவில்லை. மச்சான் மட்டும் ஒன்று சொன்னார். “பேர் தெரியாத கம்பெனின்னா எடை போட்டுப் பாருங்க தம்பி. ஈயம் இருந்தா கனம் இருக்கும்.” பழைய பேட்டரியை எடைக்குப் போடுகிற ஊர்க்காரர் அப்படித்தான் யோசிப்பார். வாங்கி வந்ததும் குளியலறையில் நாங்கள் எடை பார்க்கிற தராசில் ஏற்றினோம். சீட்டில் எழுதியிருந்த எடை அப்படியே காட்டியது. ஹமீதுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அப்போதும் நம்பிக்கை இல்லை, மலிவு என்றால் எங்கேயோ கோளாறு இருக்கும் என்பது என் கட்சி.

அன்று அந்தப் போனை வைக்கும் முன் மச்சான் இன்னொன்றும் சொல்லியிருந்தார், “எல்லாம் சரி தம்பி, ஃப்ரிட்ஜை மட்டும் பேட்டரியில போட்டுறாதீங்க. எந்த பேட்டரியும் தாங்காது.” அக்கா கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆமாம் என்று தலையாட்டினாள். ஹமீது சிரித்துக்கொண்டே, இது பேட்டரிக்கென்றே செய்த ஃப்ரிட்ஜ், கொஞ்சமாகத்தான் இழுக்கும் என்று விளக்கினார். மச்சான் ம் கொட்டினார். அக்காவுக்கு அது எந்த அளவுக்குப் புரிந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

3

அக்காவை உங்களுக்குத் தெரியாது. அம்மா மவுத்தானபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அத்தா வெளியூர் வேலைக்குப் போய்விட்டார், அக்காதான் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வளர்த்தாள். எண்ணெய் தேய்த்துவிட்டது, அடித்தது, அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அழுதுகொண்டே போனது எல்லாம் அவள்தான்.

என் மகள் நஸ்ரின் பிறந்ததும் அக்கா வீட்டில் இருந்தபோதுதான். இங்கிருந்து பிரசவத்துக்குப் போயிருந்தேன். குழந்தை பிறந்த கையோடு பெரிய புயல் அடித்தது. கடலூர் முழுக்க மரமும் கரண்ட் கம்பமும் விழுந்து கிடந்தன. நாள் கணக்கில் கரண்ட் இல்லை. மச்சான் கடையில் இருந்த பேட்டரிகளை அக்கா வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னாள். தெருவே வாசலில் செல்போன் சார்ஜ் போட வரிசை கட்டி நின்றது. வரிசையில் முந்தினவனை அவள் போட்ட சத்தம் கெடிலம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். ஃப்ரிட்ஜை அணைத்து, டிவியை அணைத்து, குழந்தையைக் கொசு கடிக்கக்கூடாது என்று ஒரே ஒரு ஃபேனை மட்டும் ஓடவிட்டாள். மின்வாரிய ஜீப் தெருவைத் தாண்டிப் போனபோது குறுக்கே போய் நின்று, “எங்க போறீங்க? எறங்குங்க கீழ. இந்தத் தெருவுல மனுசங்க இல்லியா?” என்று கேட்டவள் அவள். அவர்கள் இறங்கினார்கள்.

அந்த ஜெய்த்தூன்தான் டிசம்பர் கடைசியில் அடிலெய்டு வந்து இறங்கினாள். கூடவே சர்க்கரை வியாதியும் வந்தது. இன்சுலின் மருந்தை ஐஸ் பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தாள்.

வந்த மறுநாளே நான் ஆரம்பித்துவிட்டேன். அக்கா, இந்த அடுப்பைத் தொடாதே, அலாரம் அடித்தால் தீயணைப்பு வண்டி வந்துவிடும். அக்கா, குளியலறையில் தண்ணீர் சிந்தாதே, தரை ஊறிவிடும். அந்தக் குப்பை இந்தத் தொட்டியில், இந்தக் குப்பை அந்தத் தொட்டியில். வாசலில் யாராவது வந்தால் திறக்காதே. எல்லாம் உண்மைதான், எல்லாம் இங்கே நான் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். அவள் எல்லாவற்றுக்கும் “சரிடி ஷம்மி” என்றாள். ஊருக்கு ஊர் பழக்கம் மாறும், அக்கா எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

நஸ்ரினுக்கு இப்போது பதினாலு வயது. பெரியம்மாவைக் கண்டால் சிரிப்பாள், பிறகு காதில் எதையோ மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது என்று எல்லாரிடமும் சொல்லிவந்தேன். அதுவும் தப்பு என்று பின்னால் தெரிந்தது.

4

வடக்கே மலைப்பக்கம் முகாம் போட்டோம். அக்காவுக்கு ஏஜிஎம் பேட்டரி இருக்கிற பெட்டியை ஹமீது திறந்து காட்டினார். மூக்கை வைத்து மோந்துபார்த்தாள். “ஒரு வாடையும் இல்லியே? பேட்டரின்னா நம்ம குடிகாடு கெமிக்கல் கம்பெனி பக்கம் போனாப்புல ஒரு நெடி இருக்கணுமே?” என்றாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், நஸ்ரின்கூடச் சிரித்தாள். அந்தப் பயணத்தில் அது ஒன்றுதான் நல்ல நேரம்.

சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கும் ஹமீதுக்கும் வாய்ச்சண்டை. மீட்டரில் பேட்டரி கொஞ்சம் இறங்கியிருந்தது. ஃப்ரிட்ஜ்தான் எல்லாவற்றையும் குடிக்கிறது, இந்த மலிவுப் பேட்டரி நாளைக்குள் படுத்துவிடும், ஹலால் கறி எல்லாம் கெட்டு நாசமாகப் போகிறது என்று நான் பொரிந்தேன். காலையில் வெயில் வந்ததும் வண்டி மேலே இருக்கிற சோலார் தகடு நிரப்பிவிடும் என்றார் அவர். அக்கா மூலையில் உட்கார்ந்து தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

காலையில் எல்லாரும் காரில் ஏறிவிட்டோம், பள்ளத்தாக்கைப் பார்க்கப் போக. அக்கா மட்டும் துப்பட்டாவை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். வெயில் கொளுத்தி எடுத்தது. சாயங்காலம் திரும்பியதும் முதலில் இறங்கி ட்ரெய்லருக்குள் போனவளும் அவள்தான். வெயிலில் களைத்துப் படுக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். உள்ளே வெந்நீர் வைத்த பாத்திரத்தின் சூடு. பால் திரிந்திருந்தது, கறி வாடை அடித்தது. சுவிட்சு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“பாத்தீங்களா? நான் சொன்னேனா இல்லியா?” ஹமீதைப் பிடித்துக்கொண்டேன். “மலிவு மலிவுன்னு வாங்கி வச்சீங்களே, வெயில்ல படுத்துட்டு இப்பதான் எழுந்திரிச்சிருக்கு.”

அவர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். “இல்ல ஷம்மி, பேட்டரி ஃபுல்லா இருக்கு. பகல்ல யாருமே இழுக்காத மாதிரி நெறஞ்சு இருக்கு.”

“மீட்டரும் மலிவுதானே!”

பக்கத்துக் கூடாரத்து ஆட்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன். கறியைத் தூக்கிப் போடும்போதுதான் அதே ஃப்ரிட்ஜில் வைத்திருந்த அக்காவின் மருந்து நினைவுக்கு வந்தது. கறி முதலில், அக்காவின் மருந்து பிறகு. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. “அக்கா, உன் இன்சுலின் சூடாயிடுச்சே, என்ன பண்றது?” என்றேன். “அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுடி. ஊர்ல கரண்ட் போனா இப்டித்தானே இருக்கும். நீ கோவப்படாத,” என்றாள். அந்த மருந்தையே போட்டுக்கொண்டாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் முழுக்கத் தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள். வெயிலுக்கு என்று நினைத்தோம். அதற்கு மறுநாள் காலை எழுப்பினால் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், ஆனால் யார் என்று யோசிக்கிற மாதிரி பார்த்தாள். சர்க்கரை பார்க்கிற கருவியில் விரலைக் குத்தி வைத்தேன். அது எண்ணே காட்டவில்லை. அளவு எகிறிவிட்டால் எண்ணுக்குப் பதில் இரண்டு எழுத்து மட்டும் காட்டும் என்று அன்றுதான் தெரிந்தது. ஹமீது ட்ரெய்லரை அங்கேயே போட்டுவிட்டுக் காரைக் கிளப்பினார்.

5

அந்த ஊர் ஆஸ்பத்திரி ஓட்டு வீடு மாதிரிதான் இருந்தது, ஆனால் விதிமுறைக்குக் குறைவில்லை. அடையாளம் உறுதி செய்யாமல் ஒரு மருந்தும் போடமாட்டார்கள். ஒவ்வொரு நர்ஸும் வந்து அக்காவிடம் பிறந்த தேதி கேட்டாள். அக்காவின் பாஸ்போர்ட்டில் இருப்பது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதி. அவளுக்கு அது ஞாபகமே இருந்ததில்லை. “மழக்காலம்னு அம்மா சொல்லும்,” என்று முனகினாள். மழைக்காலத்தை கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளுமா? நஸ்ரின்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அந்தத் தேதியை மெதுவாகத் திரும்பத் திரும்பத் தமிழில் சொல்லிக்கொடுத்தாள். என் மகளுக்குத் தமிழ் பேச வரும் என்று அங்கேதான் கண்டேன். அத்தனை வருடம் என்னிடம் மட்டும்தான் வரவில்லை போலிருக்கிறது.

சாயங்காலத்துக்குள் அக்காவுக்குத் தெளிவு வந்தது. மருந்து கெட்டதாலா, வெயிலாலா, தண்ணீர் வற்றியதாலா என்று டாக்டருக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை, எல்லாம் சேர்ந்துதான் இருக்கும் என்றார். என் வாய் சும்மா இருக்கிற வாயா? ஹமீதைப் பார்த்து, “உங்க பேட்டரி எங்க அக்காவக் கொல்லப் பாத்துச்சு,” என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் விவரம் கேட்க உட்கார்ந்தார். மொழிபெயர்க்க நானே போதும் என்றேன். முடியாது, குடும்பத்தார் மொழிபெயர்க்கக்கூடாது என்பது விதி என்று சொல்லி, போனில் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தார். இலங்கைத் தமிழ்க் குரல்.

“அம்மா, மருந்தை எப்பிடி வச்சிருந்தனீங்கள் எண்டு டொக்டர் கேக்கிறார். பயப்பிடாமச் சொல்லுங்கோ.”

அக்கா கொஞ்ச நேரம் போனையே பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“நான்தாம்மா ஃப்ரிட்ஜ ஆஃப் பண்ணேன்,” என்றாள்.

“ராத்திரி இவுங்க ரெண்டு பேரும் பேட்டரிக்காக சண்ட போட்டுக்கிட்டாங்க. ஃப்ரிட்ஜுதான் ஜாஸ்தி இழுக்குதுன்னு தங்கச்சி சொல்லுச்சு. எங்க வூட்டுக்காரரும் பேட்டரியில ஃப்ரிட்ஜ் போடாதன்னு எப்பவும் சொல்லுவாரு. வெளிய போறப்ப ஆஃப் பண்ணிட்டு, வந்ததும் ஓடிப்போயி போட்டுட்டேன். மூடி இருந்தா சில்லுனு தாங்கும்னு நெனச்சேன். இவுங்களுக்குள்ள சண்ட வேணாமேன்னுதான்.”

“பிறகு ஏன் அம்மா தங்கச்சியிட்டச் சொல்லேல்லை?”

“சத்தம் போடுமே.” குரல் இறங்கிவிட்டது. “வந்ததுலேந்து இதத் தொடாத, அதத் தொடாதன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. நான் தொட்டுத்தான் கெட்டுதுன்னா இன்னா சொல்லுமோ. வேற மருந்து வேணும்னு கேக்கவும் பயமா இருந்துச்சு.”

போனில் அந்தப் பெண் அத்தனையையும் ஒன்று விடாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். அக்கா என்னைக் கண்டு பயந்தாள் என்பதை நான் தமிழில் ஒரு தரம் கேட்டேன், ஆங்கிலத்தில் ஒரு தரம் கேட்டேன்.

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மரியாதையாக, கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா என்றார். கதவு சாத்தும்போது அவர் கேட்டது காதில் விழுந்தது. தங்கியிருக்கிற வீட்டில் உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா? இங்கே சந்தேகம் வந்தால் கேட்கிற கேள்விதான் அது. குடிகாரப் புருஷனிடம் அடிபட்டு வருகிறவர்களிடம் கேட்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் அக்காவிடம், என்னை வெளியே நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அவள் என்ன பதில் சொன்னாள் என்று இந்த நிமிடம் வரை கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வராந்தாவில் நஸ்ரின் உட்கார்ந்திருந்தாள். “பெரியம்மாவுக்கு எதுக்குடி என்கிட்ட பயம்?” என்றேன்.

“எல்லாருக்கும் பயம்தாம்மா,” என்றாள். தமிழில்தான் சொன்னாள். கோபமே இல்லை, மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வது போலச் சொன்னாள்.

பேட்டரி நல்ல பேட்டரிதான் என்றுகூட ஹமீது சொல்லவில்லை. ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கடலூருக்குப் போன் போட்டு மச்சானிடம் சொன்னேன். அக்கா பிழைத்துவிட்டாள் என்று கேட்டு அல்ஹம்துலில்லாஹ் என்றவர், மீதியைக் கேட்டதும் குரலை உயர்த்தினார். “இன்னாது? ஜெய்த்தூன் பயந்துட்டாளா? எங்க ஜெய்த்தூனா? என்னையே ஆட்டிப் படைக்கிறவம்மா அவ.” அப்புறம், “அங்க இன்னாதான் நடக்குது ஷம்மி?” என்று கேட்டார்.

6

வீட்டுக்கு வந்துவிட்டோம். அக்காவின் கையைப் பிடித்து அழுதேன். இது உன் வீடு, எதை வேண்டுமானாலும் தொடு, எதை வேண்டுமானாலும் உடை என்றேன். “இன்னாடி இது, சின்னப் புள்ளையாட்டம்,” என்று என் தலையைத் தடவிக்கொடுத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

நேற்றுதான் லீவு முடிந்து நான் வேலைக்குப் போன முதல் நாள். ஹமீதும் வேலைக்கு. நஸ்ரின் சிநேகிதி வீட்டுக்கு. வெளியே நாற்பதைத் தாண்டிய வெயில், ரேடியோவில் காலையிலிருந்தே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எச்சரிக்கை. அக்காவுக்கு என்ன, வீட்டில்தான் ஏசி இருக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஏசி ஓடவில்லை. ஃபேன் ஓடவில்லை. கூடத்தில் தரையில், ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, ரவிக்கை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஏசியின் ரிமோட் அவள் தலைக்கு மேலேயே சுவரில் மாட்டியிருந்தது.

“அக்கா! ஏன்க்கா ஏசி போடல?”

என்னைப் பார்த்ததும் சிரித்தாள். நல்ல பெயர் வாங்கிவிட்ட சிரிப்பு அது.

“நீ போனதுலேந்து நான் எதையுமே தொடலடி,” என்றாள்.

பையைக் கீழே போட்டேன். ரிமோட்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினேன். போடு என்று தலையை ஆட்டினேன். அவள் விரலைப் பட்டனுக்கு மேலே கொண்டுபோனாள். அழுத்தவில்லை. என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

“போடட்டுமா?” என்று கேட்டாள்.